தாளம் தப்புவது எனக்கா, போனுக்கா?

மூன்றாம்பெட்டி | செவ்வாய், இரவு 10:42

இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதியே தீர வேண்டும் என்று கணக்குத் திறந்திருக்கிறேன்.

வேலைக்குப் போக வர மெட்ரோவில் ஒரு மணி நேரம். அது முழுக்க ஆர்கேயாதான், பாட்டின் தாளத்துக்குத் திரையில் வரும் நோட்டுகளைத் தட்டும் போன் ஆட்டம். பிரசென்ட் நிலைப் பாட்டுகள் சுலபமாகப் போகின்றன. அதைவிடக் கடினமான ஃபியூச்சரில் 8-ஐத் தொட்டதும் வண்டி நின்றுவிட்டது. மதிப்பெண் 95 லட்சத்துக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. தவறவிடுவது அதிகமில்லை, லாஸ்ட் ஐந்தோ ஆறோதான் இருக்கும். ஆனால் ஃபார், அதாவது நேரம் சற்றுத் தப்பிய தட்டு, கொத்துக் கொத்தாக விழுகிறது. பத்தில் ஒன்பது 'லேட்'.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவள். சார் கையில் தாளம் போட்டால் எடுப்பு தப்பாமல் பிடித்துவிடுவேன். இப்போது ஒரு கண்ணாடிச் சில்லு என்னைத் தாமதம் தாமதம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி, "அக்கா, உனக்கு வயசாயிடுச்சு" என்கிறான். 26 தான் ஆகிறது.

போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, 120 ஹெர்ட்ஸ் திரை. காதில் புளூடூத் இயர்பட்ஸ். கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலால் ஆடுகிறேன். செட்டிங்ஸில் எதையும் தொட்டதில்லை.

கோளாறு என்னிடமா, போனிடமா? உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

யாழ்_விரல் | செவ்வாய், இரவு 10:49

புளூடூத் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அக்கா, பதில் அதிலேயே இருக்கு. வயர் இயர்போன் ஒன்று வாங்குங்கோ. மிச்சத்தை ஒலிக்குழாய் அண்ணை வந்து ஒரு முழத்துக்கு எழுதுவார்.

ஒலிக்குழாய் | செவ்வாய், இரவு 11:58

ஒரு முழம் இல்லை தம்பி, இரண்டு முழம்.

முதலில் மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்ப்போம். ஆர்கேயாவில் நோட்டின் நேரத்துக்கு முன்னே பின்னே 50 மில்லி செகண்டுக்குள் தொட்டால் ப்யூர். 100-க்குள் என்றால் ஃபார், பாதி மதிப்பெண். அதையும் தாண்டினால் லாஸ்ட். முழு மதிப்பெண் ஒரு கோடி. 800 நோட் உள்ள பாட்டு என்று வையுங்கள், நோட்டுக்கு 12,500. உங்கள் ஐந்து லாஸ்டில் போனது வெறும் 62,500. மீதி நாலு லட்சத்துச் சொச்சத்தைத் தின்றது ஃபார்தான், கிட்டத்தட்ட எழுபது நோட்.

அந்த எழுபதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது பாருங்கள். தாளம் நிற்காதவர் முந்தவும் செய்வார், பிந்தவும் செய்வார். ஒரே பக்கமாக விழுந்தால் எங்கேயோ கடிகாரத்தைத் தள்ளி வைத்திருக்கிறது என்று அர்த்தம். எனவே உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், வயது காரணமில்லை.

இப்போது கடிகாரம் எங்கே தள்ளிப் போகிறது என்று பார்க்கலாம்.

தொடுகை முதலில். திரைக்கு அடியில் இருக்கும் சிப் நொடிக்கு இத்தனை தடவை என்று விரலைத் தேடிக்கொண்டே இருக்கும். 120 தடவை என்றால் 8.3 மி.செ.க்கு ஒரு முறை, 240 என்றால் 4.2. உங்கள் போன் பெட்டியில் போட்டிருக்கும் 120 ஹெர்ட்ஸ், படம் மாறும் வேகம். தொடுகை வேகம் வேறு எண், பல சமயம் பெட்டியில் இருக்காது. அதற்கு மேல், ஆட்டத்தை எழுதியவர் ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) ஒரு தடவைதான் தொடுகையை எடுத்துப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தால், 60 பிரேமில் 16.7 மி.செ. வரை அதிலும் ஊசலாடும்.

அடுத்தது ஒலி. ஆண்ட்ராய்டுக்கு இது பழைய தலைவலி. பாட்டு சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டப்பட்டு வரிசையில் நின்றுதான் ஸ்பீக்கருக்குப் போகும். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு பொட்டலத்துக்கு 192 சாம்பிள் என்றால் 4 மி.செ., 960 என்றால் 20. அப்படி இரண்டு மூன்று பொட்டலம் எப்போதும் காத்திருக்கும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ல் ஒலியைச் சீக்கிரம் அனுப்பும் புது வழியாக ஏஆடியோ வந்தது. அதைச் சுலபமாகப் பயன்படுத்த கூகுள் ஓபோ என்று ஒரு லைப்ரரி கொடுத்தது. அந்த வழியில் போகும் ஆட்டத்துக்கும் பழைய வழியில் போகும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இவையெல்லாம் சில்லறை. உங்கள் இயர்பட்ஸ்தான் பெரிய நோட்டு. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி கோடெக்கில் போனிலிருந்து காதுக்குப் போக 150 முதல் 250 மி.செ. வரை ஆகும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஜன்னலே 100 தான். "படம் பார்க்கும்போது உதடும் பேச்சும் சரியாக இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அங்கே பிளேயர் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டி ஏமாற்றுகிறது.

"அப்படியானால் எனக்கு எல்லாமே லாஸ்டாக அல்லவா வர வேண்டும்" என்பது அடுத்த கேள்வி. வராது. ஏனென்றால் நீங்கள் காதால் மட்டும் ஆடவில்லை. கண் சரியான நேரத்தில் தட்டச் சொல்கிறது, காது பின்னால் இழுக்கிறது. விரல் இரண்டு பேர் பேச்சையும் கேட்டு நடுவில் எங்கேயோ போய் விழுகிறது. மிருதங்கம் படித்த காது என்பதால் இழுப்பு இன்னும் பலமாக இருக்கலாம்!

தாமதம் இருப்பதே குற்றம் என்று நினைக்காதீர்கள். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பஸ்ஸுக்கு நாமும் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பலாம். ஆஃப்செட் என்று செட்டிங்ஸில் இருப்பது அதற்குத்தான். என்றைக்கு எப்போது வரும் என்றே தெரியாத பஸ்ஸுக்குத்தான் மருந்தில்லை. புளூடூத் சில சமயம் அந்த இரண்டாவது ரகம், கழற்றி மாட்டினால் எண் மாறிவிடும்.

இன்னொன்று. நீங்கள் தட்டியதும் 'டக்' என்று வரும் சத்தத்தை எந்த ஆஃப்செட்டாலும் சரி செய்ய முடியாது. பாட்டு எப்போது வரும் என்று ஆட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும், நீங்கள் எப்போது தட்டுவீர்கள் என்று தெரியாதே. புளூடூத்தில் ஆடியே தீருவேன் என்றால் அந்தத் தட்டல் சத்தத்தை முதலில் அணையுங்கள்.

செய்ய வேண்டியது: வயர் இயர்போன். நன்றாகத் தெரிந்த, சுலபமான ஒரு பாட்டு. இரண்டு தடவை ஆடி, லேட்டும் ஏர்லியும் எத்தனை என்று பாருங்கள். ஆஃப்செட்டைப் பத்துப் பத்தாக நகர்த்தி, இரண்டும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் விடுங்கள். கூட்டலா கழித்தலா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் தலைகீழாக இருக்கும், ஒரு தடவை தவறான பக்கம் போய்த்தான் தெரிந்துகொள்வீர்கள். மெட்ரோனோம் சத்தத்தை மட்டும் கேட்டுத் தட்டி அளக்கும் திரை இருந்தால் அதை முழுசாக நம்ப வேண்டாம். சீரான தட்டலோடு சேர்ந்து தட்டச் சொன்னால் மனிதர்கள் தம்மை அறியாமல் கொஞ்சம் முந்தித் தட்டுவார்கள், இது சோதனைக் கூடத்தில் பல காலமாகத் தெரிந்த விஷயம். சங்கீதம் பழகியவர்களுக்கு அது குறைவு, ஆனால் இருக்கும்.

பழைய_ஐபாட் | புதன், காலை 6:15

செட்டிங்ஸ் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தபோதே டேப் டேப் ரிவென்ஜ் வந்துவிட்டது. மூன்று தடம். மேலிருந்து உருண்டை விழும், கோட்டில் வரும்போது தட்ட வேண்டும், நடுநடுவே போனையே குலுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த மாமா பையனின் ஐபாட் டச்சை விடுமுறை முழுக்க நான் வைத்துக்கொண்டதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கொஞ்ச நாள் நின்றது. 2010-ல் அதைச் செய்த டாபுலஸை டிஸ்னி வாங்கியது, 2014-ல் ஆட்டம் ஸ்டோரை விட்டே போனது.

ஆனால் விரலுக்கு முன்பே குச்சி இருந்தது. 2005-ல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவியில் ஓயெண்டான் வந்தது. பெரிய வட்டம் சுருங்கி எண் போட்ட சின்ன வட்டத்தைத் தொடும்போது குச்சியால் தட்ட வேண்டும். டீன் ஹெர்பர்ட் 2007-ல் கணினிக்கு எழுதிய ஓசு அதிலிருந்து பிறந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் 2012. அதுவரை பெரும்பாலான ஆட்டங்கள், காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினின் தடங்களைக் கண்ணாடி மேல் வரைந்து வைத்தவைதான். பொத்தான் இருந்த இடத்தில் பொத்தான் படம். தைவானின் ரேயார்க் சைட்டஸைக் கொண்டுவந்தபோது நோட் விழவே இல்லை! அது இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு கோடு மேலும் கீழும் போய் வரும், கோடு தொடும்போது தட்டு. கண்ணாடியில் எங்கே வேண்டுமானாலும் தொடலாம் என்பதை உண்மையாகவே பயன்படுத்திக்கொண்ட ஆட்டம். அப்புறம் ஃபைக்ரோஸில் அந்தக் கோடே சுழல ஆரம்பித்தது. டைட்டோவின் குரூவ் கோஸ்டர் இன்னும் வேடிக்கை. 2011-ல் ஐபோனில் பிறந்து, 2013-ல் ஆர்கேட் மெஷினாக வளர்ந்தது. பிள்ளை தகப்பன் வீட்டுக்கே போனது மாதிரி.

இப்போது எனக்கு 31 வயது, மூன்றாம்பெட்டி. 'வயசாயிடுச்சு' என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

நெறியாளர்_2 | புதன், காலை 9:02

வரலாற்றுக்குத் தனி இழை இருக்கிறது. இந்தப் பதிவு நன்றாக இருப்பதால் இங்கேயே விடுகிறேன். தொடர்ச்சி அங்கே.

கண்டநடை | புதன், பிற்பகல் 2:20

நான் இந்த ஆட்டங்களை ஆடுகிறவன் அல்ல. மகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன், சொல்லியும் தருகிறேன். ஒரு மாணவர் இந்த இணைப்பை அனுப்பினார்.

கேட்கிறேன், கோபம் வேண்டாம். இதைத் தாளம் என்று ஏன் சொல்கிறீர்கள்? தாளம் என்பது உள்ளே ஓடுவது. பாடகர் கொஞ்சம் இழுத்தால் அவரோடு நீண்டு, தனி ஆவர்த்தனம் வந்தால் நானே கட்டி, கோர்வை முடித்துச் சமத்தில் வந்து நிற்பது. இங்கே யாரோ எழுதி வைத்த புள்ளியை யாரோ சொன்ன நேரத்தில் தொடுகிறீர்கள். கிளை பிரிக்க இடமில்லை, ஒரு சொல் மாற்றி வாசிக்க இடமில்லை. மேடையில் பாடகருக்கும் எனக்கும் நடுவே மூன்றரை மீட்டர் இருந்தால் அவர் குரல் என்னை எட்டவே பத்து மில்லி செகண்ட் ஆகிறது. அதை யார் ஏர்லி, லேட் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

மூன்றாம்பெட்டி அம்மாவுக்கு: ஆறு வருடம் கற்றதைத் தொடர்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

யாழ்_விரல் | புதன், பிற்பகல் 2:31

சொல்லிவிட்டீர்களே ஐயா.

மூன்றாம்பெட்டி | புதன், இரவு 8:10

சார், கோபமில்லை. மிருதங்கத்தை விட்டது பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக. அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசான வாடகை வீடு. மெட்ரோவில் மிருதங்கம் வாசிக்க முடியாது, போனைத் தட்டலாம். அவ்வளவுதான் இதன் கதை.

ஆனால் 'எழுதி வைத்த புள்ளி' என்பது முழுசாகச் சரியில்லை என்று நினைக்கிறேன். ஆர்கேயாவில் நீல வளைவு ஒரு கைக்கு, சிவப்பு வளைவு இன்னொரு கைக்கு. ஒரு கை வளைவோடு வழுக்கிக்கொண்டே போக, மற்ற கை கீழே தட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை அது கைகூடியபோது, இடது கையில் தொப்பி (மிருதங்கத்தின் இடப் பக்கம்) வாசித்துக்கொண்டே வலது கையில் சொல் வாசிக்கப் பழகிய நாள் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை.

ஒலிக்குழாய் அண்ணா, அலுவலகப் பக்கத்துக் கடையில் 250 ரூபாய்க்கு டைப்-சி வயர் இயர்போன் வாங்கிவிட்டேன். நாளை முடிவைச் சொல்கிறேன்.

சிங்கை_வட்டத்திரை | புதன், இரவு 11:40

இங்கே சிங்கப்பூரில் நான் ஆடுவது மைமை. சேகாவின் மெஷின், 2012-ல் வந்தது. சலவை இயந்திரம் போல வட்டமான திரை, அதைச் சுற்றி எட்டுப் பொத்தான். பொத்தானையும் அடிக்க வேண்டும், கண்ணாடியையும் தேய்க்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் இரண்டும் இருப்பதால் எனக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்தது.

பொத்தானுக்கு ஆழம் உண்டு. விரல் கீழே போகும்போதே 'இதோ பட்டது' என்று கைக்குத் தெரியும். கண்ணாடியில் அது கிடையாது. தொட்ட கணத்திலேயே பதிவாகிவிடும், அழுத்துவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் பொத்தான் பழக்கத்தில் கை ஓங்கி அடிக்கும். ஓங்கினால் விரல் உயரே போகும், உயரே போனது திரும்பி வர நேரமாகும், லேட். மிமீ கணக்கில்தான் விரலைத் தூக்க வேண்டும். வேகமான இடத்தில் கிட்டத்தட்ட திரையை விட்டுப் போகவே கூடாது. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 அடி) அடிக்கு நாலு நோட் என்றால் நோட்டுக்கு நோட்டு 75 மி.செ. கை மாற்றி மாற்றித் தட்டினாலும் ஒரு கைக்கு 150 தான். அதில் இரண்டு அங்குலம் தூக்கி இறக்க எங்கே நேரம்?

கட்டைவிரலில் ஆடுவதையும் விடுங்கள். கட்டைவிரல் போனையும் பிடித்துக்கொண்டு தட்டவும் வேண்டும். போனை மேசையில் வைத்து இரண்டு ஆள்காட்டி விரலால் ஆடிப் பாருங்கள். முதல் வாரம் மதிப்பெண் கீழே போகும், பயப்பட வேண்டாம். மெட்ரோவில் முடியாது என்பீர்கள், மடியில் பை இருக்குமே, அதன் மேல் வையுங்கள்.

மைமை ஆடுகிறவர்கள் கையில் பருத்தி உறை போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தவன் நான். தேய்த்துத் தேய்த்து விரல் நுனி எரிந்த பிறகு நானும் ஒரு ஜோடி வாங்கினேன்.

யாழ்_விரல் | வியாழன், காலை 7:25

கண்ணாடி பற்றி வந்ததால் என் அனுபவத்தையும் எழுதுறன். என்னுடையது மிக மலிவான போன், அதோடு மல்லுக்கட்டியே இதையெல்லாம் அறிந்துகொண்டேன்.

ஒரு மாதம் முழுக்க இல்லாத விரல் ஒன்று திரையில் தட்டிக்கொண்டு இருந்தது. ஹோல்ட் (விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டிய நோட்) அறும், வளைவு அறும். போனில் பேய் என்று அம்மா சொன்னார். கடைசியில் பார்த்தால் சார்ஜில் போட்டு ஆடும்போது மட்டும்தான் அது. மலிவான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரைக்குள் ஏறி விரலைப் போலவே தெரியுமாம். வயரைக் கழற்றினேன், பேய் போய்விட்டது.

வியர்வை இன்னொன்று. எங்கட வெக்கையில் பத்து நிமிடத்தில் திரை ஈரமாகிவிடும், ஈரத்தில் இரண்டு விரல் ஒன்றாகத் தெரியும். குழந்தைப் பவுடர் ஒரு துளி விரலில் தேய்த்தால் காணும். பவுடரைக் கொட்டி ஆடினால் சார்ஜர் ஓட்டைக்குள் போகும், அதுவும் பட்டறிவுதான்.

மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால் உடனே அணையுங்கோ. ஒன்றும் தவறாத முழு காம்போவில் கடைசி இருபது நோட் இருக்கும்போது என் போன் அழகாகப் படம் எடுத்துத் தந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறன். ஐபேட் வைத்திருப்பவர்கள் நாலைந்து விரல் சைகைகளை அணைக்க வேணும். டெவலப்பர் ஆப்ஷனில் 'ஷோ டாப்ஸ்' போட்டு ஐந்து விரலையும் வைத்துப் பார்த்தால் உங்கள் திரை எத்தனை விரலை அறியும் என்று தெரியும். சில மலிவுத் திரைகள் இரண்டோடு நின்றுவிடும்.

ஒலிக்குழாய் | வியாழன், காலை 10:05

மேலே எழுத மறந்தது ஒன்று. நோட் வேகத்தைக் கூட்டுங்கள். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் மெதுவாக வைப்பார்கள். வேகத்தைக் குறைத்தால் பாட்டு மெதுவாவதில்லை, நோட்டுகள்தான் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கிக் குவியும். கூட்டினால் இடைவெளி விரியும், எது முன்னால் எது பின்னால் என்று கண்ணுக்குப் பிரியும். அரை அரைப் புள்ளியாக ஏற்றுங்கள். கண் பழக இரண்டு நாள் போதும்.

மூன்றாம்பெட்டி | வெள்ளி, இரவு 9:33

முடிவு!

வயர் மாட்டியதும், வேறு ஒன்றையும் மாற்றாமல், அதே பாட்டு 9,712,000 சொச்சம். ஆஃப்செட்டில் முதலில் தவறான பக்கம் போய் 93 லட்சத்துக்கு விழுந்தேன் (சொன்னபடியே நடந்தது). மறுபக்கம் 20 தள்ளியதும் லேட் 14, ஏர்லி 11. மதிப்பெண் 9,820,000-ஐத் தாண்டியது. மூன்று வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே என்று ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சிரிப்பு. மடியில் பை வைத்து ஆள்காட்டி விரலால் ஆடியதில் எதிர் சீட்டுப் பாட்டி, "என்னம்மா, டைப்பிங் பரீட்சையா?" என்று கேட்டார்.

இப்போது புதுத் தொல்லை. ஒரு பாட்டில் நடுவே ஒரே ஒரு இடம், எட்டு அடி நீளம். அங்கே மட்டும் ஒவ்வொரு அடியிலும் ஃபார் விழுகிறது. எல்லாம் லேட். மற்ற இடமெல்லாம் சுத்தம். வேகமாகவும் இல்லை. மறுபடியும் ஒரே பக்கம் சாய்கிறது, ஆனால் இந்தத் தடவை கடிகாரத்தைக் குறை சொல்ல முடியவில்லை. பிபிஎம் 120.

கண்டநடை | வெள்ளி, இரவு 10:50

அந்த இடத்தில் ஒரு அடிக்கு எத்தனை தட்டு?

மூன்றாம்பெட்டி | வெள்ளி, இரவு 10:53

நாலு என்று நினைத்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். ஐந்து சார்!

கண்டநடை | வெள்ளி, இரவு 11:20

நினைத்தேன். கண்ட நடை. ஆறு வருடம் கற்றவர் நாலாக வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

120 என்றால் ஒரு அடிக்கு 500 மில்லி செகண்ட். நாலாகப் பிரித்தால் 125, 250, 375-ல் விழும். ஐந்தாகப் பிரித்தால் 100, 200, 300, 400. நீங்கள் நாலின் நினைப்பில் தட்டினால் இரண்டாவது தட்டில் 25 பிந்துகிறீர்கள், மூன்றாவதில் 50, நாலாவதில் 75. ஒலிக்குழாய் மேலே கொடுத்த கணக்குப்படி 50 வரை தப்பித்து, அதற்குப் பிறகு ஃபார். ஐந்தாவதை அவசரமாக அள்ளிப் போட்டு அடுத்த அடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறீர்கள். அதனால்தான் லாஸ்ட் விழவில்லை.

விரலை விடுங்கள். போனைக் கீழே வையுங்கள். கையில் தாளம் போட்டு, வாயால் 'தகதகிட தகதகிட' என்று சொல்லுங்கள், தக இரண்டு, தகிட மூன்று. முதலில் மெதுவாக. அடியில் 'த' சரியாக விழ வேண்டும், ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 'கிட'வில் ஓடக்கூடாது. நாலிலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து நாலுக்கும் தாளம் ஆடாமல் மாற வர வேண்டும். அது வந்த பிறகு கண்ணாடியைத் தட்டுங்கள். விரலுக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாய் சொன்னதைக் கை செய்யும்.

பழைய_ஐபாட் | சனி, காலை 6:40

சார், இதற்கு ஒரு தனி இழை தொடங்குங்கள். நான் முதல் ஆளாக வந்து உட்காருவேன். ஏழு வரும் இடத்தில் நான் நாலு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை, மூன்றாம்பெட்டிக்கு. ஒரே இடத்தை இருநூறு தடவை ஆடாதீர்கள். நான் ஆடினேன். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி வந்து, பிறகு தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாமல் போனது. தசைநாண் உறை வீங்கியிருக்கிறது என்று டாக்டர் பட்டை போட்டு, ஆறு வாரம் போனைத் தொடக்கூடாது என்றார். வலித்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். அதிலும் நீங்கள் கட்டைவிரல் ஆட்டக்காரர்.

மூன்றாம்பெட்டி | ஞாயிறு, இரவு 7:15

இரண்டு நாள் சமையலறையில் தகதகிட. தம்பி காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். இன்று மாலை அந்த எட்டு அடியில் ஃபார் இரண்டே இரண்டு. மொத்தம் 9,905,000.

கண்டநடை சார், நன்றி. புளூடூத்தை வென்றதைவிட இது சந்தோஷமாக இருக்கிறது.

கண்டநடை | திங்கள், இரவு 11:48

ஒலிக்குழாய் அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஆட்டத்தைத் திறந்து மூன்று பாட்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு சோதனைக்காகத்தான். நோட்டைப் பார்க்க எனக்குக் கண் பழகவில்லை, காதை வைத்தே தட்டினேன். ஃபார் நாற்பத்து மூன்று. அதில் நாற்பது ஏர்லி. முப்பது வருடத்தில் நான் முந்துகிறேன் என்று யாரும் சொன்னதில்லை.

ஒலிக்குழாய் | திங்கள், இரவு 11:55

சார், என்ன போன்? இயர்போன் வயரா? ஆஃப்செட்டில் ஏதாவது எண் ஏற்கெனவே போட்டிருக்கிறதா பாருங்கள்.

கண்டநடை | செவ்வாய், நள்ளிரவு 12:07

80 என்று போட்டிருக்கிறது. போன் மகளுடையது. அவள் புளூடூத்தில் ஆடுவாள் போலிருக்கிறது. கேட்காமல் எடுத்தேன், நாளைக்குத்தான் கேட்க வேண்டும்.